நின்றுபோன சுற்று: வர்ணக்குண்டு மார்க்கரின் பழுதை அறியும் முறை



வட அமெரிக்காவின் காடுகளில் மரந்தறிக்கும் தொழிலாளர் நுழைவதற்கு முன்னர், தறிக்கவேண்டிய மரம் எது, விட்டுவைக்கவேண்டிய மரம் எது என்று தீர்மானித்து அடையாளமிடும் வேலையொன்று உண்டு. ஓடைக்கு அப்பாலும் முட்புதருக்கு நடுவிலும் நிற்கும் மரங்களிடம் தூரிகையும் வர்ண வாளியுமாகச் செல்வது எளிதன்று. ஆகவே, நின்ற இடத்திலிருந்தே வர்ணம் நிறைந்த சிறு குண்டொன்றை மரத்தின்மீது எறிந்து உடைக்கும் கைத்துப்பாக்கி போன்ற கருவியொன்று அங்கே விற்பனைக்கு வந்தது. மிச்சிகன் மாநிலத்து நெல்சன் வர்ணக் கம்பனியார் வனத்துறையினருக்கும் கால்நடை வளர்ப்போருக்குமென அதனை விற்றனர். குறியிடும் கருவி என்ற பொருளில் இவ்வகைக் கருவிகள் மார்க்கர் என்று அழைக்கப்படுகின்றன.

தொழிலுக்கென அமைந்த இக்கருவி விளையாட்டுக்குரியதாக மாறிய நாளையும் திட்டமாகக் கூறலாம். 1981 ஆம் ஆண்டு யூன் மாதம் 27 ஆம் திகதி, நியூ ஹம்ப்ஷயர் மாநிலத்தில் ஹெனிக்கர் என்னும் ஊரையடுத்த காட்டில், பன்னிருவர் கூடி முதலாவது ஆட்டத்தை ஆடினர். காட்டில் வைக்கப்பட்ட கொடிகளை, பிறர் எறியும் வர்ணம் தம்மேற் படாது சேகரித்து வருபவரே வென்றவர் என்பது விதி. அன்று வென்றவர் ரிச்சி வைற் என்ற வனவியலாளர். அவர் ஒரு குண்டேனும் சுடாமலே வென்றார். அவர் கைக்கருவி அன்று பழுதடைந்திருந்தாலும் வெற்றிக்கு ஊறு நேர்ந்திராது!

ஆனால், எல்லா ஆட்டக்காரரும் அவரைப் போன்றவரல்லர். இன்று பல நாடுகளில் ஆடப்படும் இவ்விளையாட்டிலே, ஆட்டத்தின் நடுவில் மார்க்கர் ஒருமுறை சுட்டுவிட்டு நின்றுபோவதும், விசையை ஒருமுறை அழுத்தப் பலமுறை தானே சுட்டுத்தள்ளுவதும் அடிக்கடி நேரும் தொல்லைகள். இத்தொல்லைகளுக்கு மூலம் எங்கே, அதனை எந்த ஒழுங்கிலே தேடுவது, தேடாமற் செய்யும் அவசரச் சிகிச்சையால் விளையும் ஆபத்து யாது என்பவற்றையே இன்று ஆராயவிருக்கின்றோம். மார்க்கரைக் கண்டிராத நேயர்களும் இதைக் கேட்கலாம். தானே இயங்கும் இயந்திரங்கள் பலவற்றின் பழுதை அறிவதற்கும் இம்முறையே வழிகாட்டும்.

முதலிற் கருவியின் அமைப்பை மனக்கண்ணாற் பார்ப்போம். வர்ணக்குண்டு என்பது மீனெண்ணெய்க் குளிகையின் கூட்டைப் போன்ற ஜெலற்றின் கூட்டினுள் நீரிற் கழுவக்கூடிய வர்ணம் நிறைந்த உருண்டை. அதன் விட்டம் பெரும்பாலும் 0.68 அங்குலம், நிறை ஏறக்குறைய 3 கிராம். குண்டுகள் மார்க்கரின் மேலுள்ள புனல் போன்ற கலத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே விழும். கருவியோடு ஒரு சிறு சிலிண்டர் பொருத்தப்பட்டிருக்கும். அதனுள்ளே திரவமாக அடக்கப்பட்ட காபனீரொட்சைட்டு இருக்கும். அல்லது உயர் அமுக்கத்தில் அடைத்த காற்று இருக்கும். இங்கே வெடிமருந்து எதுவும் இல்லை. சுடுவதற்கான சத்தி முழுவதும் அடைபட்ட வாயுவிலிருந்தே வருகின்றது.

தொடக்க காலத்து மார்க்கரில், ஒவ்வொரு முறை சுட்டபின்னரும் கையால் இழுத்துத் தள்ளி அடுத்த குண்டை ஏற்றவேண்டும். 1980களின் இறுதியிலிருந்து, சுட்டவுடன் தானாகவே அடுத்த முறைக்கு ஆயத்தமாகும் மார்க்கர்கள் பரவலாயின. இவற்றுள் எளிமையானதும் பெருவழக்கானதும் பின்னுதைப்பு முறையில் இயங்கும் வகை. கிங்மன் கம்பனியின் ஸ்பைடர் இதற்கு ஓர் உதாரணம். அதன் உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாக இரு குழாய்கள் உள்ளன. மேற்குழாயில் குண்டை முன்னே தள்ளும் தள்ளுதண்டு இருக்கிறது. கீழ்க்குழாயில் சுத்தியல் என்று வழங்கும் கனத்த உலோக உருளை இருக்கிறது. ஒன்று நகர்ந்தால் மற்றதும் நகருமாறு இரண்டையும் ஓர் ஊசி இணைத்து நிற்கும். சுத்தியலுக்குப் பின்னே ஒரு சுருள்வில். முன்னே வாயுவை அடைத்து நிற்கும் வால்வு.

இப்பொழுது இயக்கத்தைப் பாருங்கள். சுத்தியல் பின்னே இழுக்கப்பட்டு, ஒரு கொளுக்கியால் பிடிக்கப்பட்டிருக்கும். விசையை அழுத்தியதும் கொளுக்கி விடுகின்றது. சுருள்வில் சுத்தியலை முன்னே எறிகின்றது. கூடவே செல்லும் தள்ளுதண்டு குண்டைக் குழலின் வாயினுட் செலுத்துகின்றது. சுத்தியல் வால்வின் தண்டிலே மோத, வால்வு ஒரு கணம் திறந்து மூடுகின்றது. அந்தக் கணத்திலே வெளிவரும் வாயு இரு கூறாகப் பிரிகின்றது. ஒரு கூறு மேலே சென்று தள்ளுதண்டினூடாகக் குண்டை வெளியே அனுப்புகின்றது. மற்றக் கூறு சுத்தியலைப் பின்னோக்கி உதைக்கின்றது. உதைபட்ட சுத்தியல் சுருள்வில்லை நெருக்கிக்கொண்டு பின்வாங்க, கொளுக்கி மீண்டும் அதனைப் பிடிக்கின்றது. அடுத்த குண்டு மேலிருந்து விழுகின்றது. இதுவே ஒரு சுற்று.

இங்கே நாம் உள்ளத்திற் பதிக்கவேண்டிய உண்மை ஒன்று உண்டு. இந்த இயந்திரம் தான் செலவிடும் வாயுவில் ஒரு பகுதியை அடுத்த வேலைக்கென ஒதுக்குகின்றது. விளைந்த நெல்லிலே விதைநெல்லை எடுத்துவைக்கும் கமக்காரனைப் போன்றது அதன் செயல். விதைநெல் குறைந்தால் அடுத்த போகம் இல்லை. அதுபோலப் பின்னே செல்லும் வாயு போதாவிட்டால் அடுத்த சுற்று இல்லை. பின்னே செல்லும் வாயு ஏன் போதவில்லை, போதியிருந்தும் சுத்தியல் ஏன் கொளுக்கியை அடையவில்லை, அடைந்தும் கொளுக்கி ஏன் பிடிக்கவில்லை என்னும் மூன்று வினாக்களுள் ஒன்றினாலேயே சுற்றுப் பழுது பெரும்பாலும் விளக்கம் பெறும்.

பழுதைத் தேடத் தொடங்குமுன் பாதுகாப்புப் பற்றிக் கூறவேண்டும். இதனை வழக்கமான எச்சரிக்கை என்று நேயர்கள் தள்ளிவிடலாகாது. மார்க்கரைத் திருத்துபவர் கண்களையும் முகத்தையும் மறைக்கும் கவசத்தை முதலில் அணிதல் வேண்டும். குழலின் வாயை அதற்குரிய உறையால் மூடுதல் வேண்டும். பின்னர் குண்டுக் கலத்தைக் கழற்றுக. அதன்பின் சிலிண்டரைக் கழற்றுக. சிலிண்டர் கழன்ற பின்னும் வால்வறையினுள் வாயு எஞ்சியிருக்கும். ஆகையால், ஆளில்லாத் திசையை நோக்கி விசையை அழுத்தி அதனையும் வெளியேற்றிய பின்னரே திருகாணியில் கை வைக்கலாம்.

சிலிண்டரைக் கழற்றும்போது கவனிக்கவேண்டியது இன்னொன்று. சிலிண்டரின் கழுத்திலுள்ள வால்வு மார்க்கரோடு ஒட்டிக்கொண்டு நிற்க, சிலிண்டர் மட்டும் அந்த வால்விலிருந்து தனியாகக் கழன்று சுழல்வதுண்டு. அவ்வாறு முழுதும் கழன்றால், உள்ளிருக்கும் அமுக்கம் அச்சிலிண்டரை எறிகணைபோல் வீசிவிடும். இதனால் உயிர்கள் பறிபோன நிகழ்ச்சிகள் அமெரிக்காவிலே பதிவாகியுள்ளன. ஆகவே வால்விலும் சிலிண்டரின் கழுத்திலும் ஒரே நேர்கோட்டில் ஓர் அடையாளம் இட்டுக்கொள்வது நன்று. கழற்றும்போது இரண்டு அடையாளங்களும் சேர்ந்தே சுழலவேண்டும். ஒன்று நிற்க மற்றது சுழன்றால் அந்தக் கணமே நிறுத்தி, பயிற்சி பெற்றவரிடம் கொடுக்கவேண்டும்.

இனிப் பரிசோதனைக்கு வருவோம். முதற் பரிசோதனைக்கு வாயு வேண்டியதில்லை, ஆயுதமும் வேண்டியதில்லை. சிலிண்டரும் குண்டும் இல்லாத மார்க்கரின் இழுபிடியைக் கையால் மெதுவாகப் பின்னே இழுத்துப் பாருங்கள். சுத்தியல் தடையின்றி நகர்கின்றதா? இறுதியிலே "டிக்" என்ற ஓசையோடு கொளுக்கி பிடிக்கின்றதா? விசையை அழுத்தியதும் சுத்தியல் விரைந்து முன்செல்கின்றதா? இம்மூன்றுக்கும் விடை "ஆம்" எனில், குறை பெரும்பாலும் வாயுவின் பக்கத்தில் இருக்கிறது. ஒன்றுக்கேனும் "இல்லை" எனில், குறை பொறியின் பக்கத்தில் இருக்கிறது. இவ்வொரு செயலினாலே தேடவேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடுகின்றது.

வாயுவின் பக்கம் என்று கண்டால், முதலிற் சிலிண்டரை ஐயுறுக. அதிலே வாயு போதிய அளவு உண்டா என்று நிறுத்துப் பார்ப்பதே காபனீரொட்சைட்டுக்கு உரிய முறை. திரவம் ஒரு துளியேனும் எஞ்சியிருக்கும் வரை, ஒரே வெப்பநிலையிலே அமுக்கம் மாறாது நிற்குமாதலால், அமுக்கமானி திரவத்தின் அளவைச் சொல்லாது. அடுத்ததாகக் குளிரை ஐயுறுக. 21 பாகை சென்ரிகிரேட்டில் அடைபட்ட காபனீரொட்சைட்டின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 850 இறாத்தல். நீர் உறையும் 0 பாகையிலே அது ஏறக்குறைய 500 இறாத்தலாக வீழ்ந்துவிடும். குளிர்காலக் காலைப்பொழுதிலே நியூ ஹம்ப்ஷயர்க் காட்டில் மார்க்கர் சோர்ந்துபோவதன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

வெயிற்காலத்திலும் இக்குளிர் தோன்றுவதுண்டு. திரவம் வாயுவாக மாறுவதற்கு வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தை அது தன்னிடமிருந்தும் தன்னைச் சூழ்ந்த உலோகத்திலிருந்தும் எடுத்துக்கொள்கின்றது. மண்பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகிப் பானைத் தண்ணீரைக் குளிர்விப்பதும் இந்த விதிப்படியே. ஆட்டக்காரர் விரைந்து விரைந்து சுடும்போது சிலிண்டரின்மேல் வெண்பனி படிவதைக் காணலாம். அமுக்கம் வீழ்கின்றது, சுற்று தளர்கின்றது. இங்கே பழுது எதுவும் இல்லை. சில நிமிட ஓய்வே மருந்து. ஓய்வினால் மட்டும் ஒரு மார்க்கர் குணமடையுமாயின், காரணம் குளிர் என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். அடைத்த காற்றைப் பயன்படுத்தும் சிலிண்டர்கள் ஒரு சீராக்கியின் மூலம் ஏறக்குறைய ஒரே அமுக்கத்தை வழங்குவதால், இத்தொல்லை அவற்றில் மிகக் குறைவு.

சிலிண்டர் நலமெனில், வாயு செல்லும் வழியைப் பின்தொடருங்கள். ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு றப்பர் வளையம் உண்டு. அது வெடித்தோ வெட்டுண்டோ போனால் வாயு கசியும். கசிவைச் செவியாற் கேட்கலாம். ஐயமான இடத்தில் சவர்க்கார நீரைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். சிலிண்டரின் வாயருகே கசிந்தால், வளையத்தை மாற்றுவது சிறு வேலை. குழலின் வாய்வழியே கசிந்தால், வால்வின் அடைப்பு சேதமுற்றிருக்கலாம். ஆனால், வால்வைக் கழற்றுமுன் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சுத்தியல் பின்னே பிடிபடாது முன்னே கிடந்தால், அது வால்வின் தண்டை அழுத்திக்கொண்டிருக்கலாம். அந்நிலையில் சிலிண்டரைப் பூட்டினால் வாயு குழல்வழியே ஓடிவிடும். வால்வு கெட்டுவிட்டது என்று எண்ணி நல்ல வால்வை மாற்றுவோரும் உளர். சுத்தியலைப் பின்னே இழுத்துப் பிடிப்பித்த பின்னரே இவ்வகை மார்க்கரிற் சிலிண்டரைப் பூட்டவேண்டும்.

வாயுப் பாதையின் கடைசிக் காவலன் சுத்தியலைச் சுற்றியிருக்கும் றப்பர் வளையம். பின்னோக்கி உதைக்கும் வாயு சுத்தியலின் ஓரத்தால் நழுவிப் போகாது தடுப்பது அதுவே. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பினுள்ளே தோல் வாசர் காய்ந்து சுருங்கினால், எத்தனை முறை அடித்தாலும் ரியூப்பிலே காற்று ஏறாது. அவ்வண்ணமே இவ்வளையம் தேய்ந்தாலோ வறண்டாலோ, சுத்தியல் பாதிவழி வந்து திரும்பிவிடும். மார்க்கருக்கென விற்கும் எண்ணெயிற் சில துளிகள் அதனை வாழவைக்கும். கையில் அகப்பட்ட துருநீக்கித் தெளிகருவியை அடிப்பது தகாது. அவற்றிலுள்ள பெற்றோலிய வகைக் கரைப்பான்கள் சிலவகை றப்பரை ஊதச்செய்து கெடுத்துவிடும்.

இனிப் பொறியின் பக்கம். கையால் இழுக்கும்போது கரகரவென்று தடையேற்பட்டால், உள்ளே மணலோ, உடைந்த குண்டின் வர்ணமோ இருக்கின்றதென அறிக. உலர்ந்த வர்ணம் பசைபோல ஒட்டிச் சுத்தியலின் ஓட்டத்தைக் குறைக்கும். துடைத்து உலர்த்தி எண்ணெயிட்டால் பல மார்க்கர்கள் அப்பொழுதே குணமடையும். ஆயினும், குண்டு ஏன் உடைந்தது என்று கேட்காமல் விடலாகாது. குண்டு முழுதும் கீழிறங்குமுன் தள்ளுதண்டு முன்சென்றால், பாக்குவெட்டியில் அகப்பட்ட பாக்கைப் போல அது இரண்டாகும். ஒரு குண்டைத் தடுத்து நிறுத்தும் சிறு தடுப்பு தேய்ந்திருந்தால், இரண்டு குண்டுகள் ஒருங்கே நுழைந்து நசியும். ஈரக்காற்றில் திறந்து வைத்த குண்டுகள் ஊதிப் பருத்துக் குழலிற் சிக்குவதும் உண்டு. இவற்றைத் திருத்தாது துடைத்துக்கொண்டேயிருப்பது ஓட்டைப் படகில் நீரிறைப்பதற்கு ஒப்பாகும்.

சுத்தியல் நன்றாக நகர்ந்தும் கொளுக்கி பிடிக்கவில்லையெனில், கொளுக்கியின் முனையைப் பாருங்கள். கூரிய விளிம்பு தேய்ந்து வட்டமாகியிருந்தால் பிடி நழுவும். கொளுக்கியைத் தாங்கும் சிறிய வில் முறிந்திருந்தாலும் இதே விளைவுதான். இங்கேதான் விசையை ஒருமுறை அழுத்தப் பலமுறை சுடும் விபரீதம் நிகழ்கின்றது. பின்வந்த சுத்தியல் பிடிபடாது மீண்டும் முன்னே பாய்ந்து வால்வை அடிக்கும், மீண்டும் பின்வரும், மீண்டும் பாயும். வாயு குறைந்து, சுத்தியல் கொளுக்கிக்கு ஒரு நூலிழை முன்னதாகவே திரும்பும்போதும் இவ்வாறே நிகழும். ஆகவே, ஒரே அடையாளத்துக்கு இரு வேறு மூலங்கள் உண்டு. நிறைந்த, குளிரற்ற சிலிண்டரைப் பூட்டிப் பாருங்கள். தொல்லை நீங்கினால் மூலம் வாயு. நீங்காவிட்டால் மூலம் கொளுக்கி.

நேயர்களே, இப்பேச்சின் முக்கியமான இடத்துக்கு இப்பொழுது வந்துவிட்டோம். மேலே கூறிய பரிசோதனைகளுக்குப் பொறுமை வேண்டும். பொறுமையற்றவருக்கு ஒரு குறுக்குவழி மார்க்கரிலேயே அமைந்திருக்கின்றது. இவ்வகை மார்க்கரின் பின்புறத்திலே, சுருள்வில்லின் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகாணி உண்டு. அதனை உள்ளே முறுக்கினால் சுத்தியல் வால்வைப் பலமாக அடிக்கும். வால்வு சற்று நீண்ட நேரம் திறந்திருக்கும். வாயு அதிகமாகப் பாயும். நின்ற சுற்று மீண்டும் தொடங்கவும் கூடும். பார்ப்பவருக்கு நோய் தீர்ந்தது போலத் தோன்றும்.

ஆனால், அதே திருகாணிதான் குண்டின் வேகத்தையும் நிர்ணயிக்கின்றது. செக்கனுக்கு 300 அடி, அதாவது ஏறக்குறைய 91 மீற்றர் என்பதே இவ்விளையாட்டில் நெடுங்காலமாக வழங்கும் உச்ச எல்லை. பல மைதானங்கள் இதனினும் குறைந்த எல்லையை விதிப்பதுண்டு. குளிர்ந்த காலையிலே சோர்ந்த மார்க்கரை ஒருவர் இத்திருகாணியை முறுக்கி எழுப்பினார் என வைத்துக்கொள்வோம். நண்பகலில் வெயில் ஏறச் சிலிண்டரின் அமுக்கமும் ஏறும். திருகாணியோ காலையில் முறுக்கிய இடத்திலேயே நிற்கும். இப்பொழுது குண்டு எல்லையை மீறிச் செல்லும். வேகம் 300 அடியிலிருந்து 330 அடியாக உயர்ந்தால், அது பத்திலொரு பங்கு மிகையே என்று எண்ணத் தோன்றும். ஆனால், இயங்கும் பொருளின் சத்தி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், தாக்கும் சத்தி நூற்றுக்கு 21 பங்கு மிகுந்துவிடுகின்றது. அத்தாக்குதலை ஏற்பது எதிரே நிற்பவரின் உடம்பு. கவசம் நழுவிய ஒரு கணத்தில் அது அவருடைய கண்ணாகவும் இருக்கலாம். வர்ணக்குண்டு பட்டுப் பார்வை இழந்தவர்களைப் பற்றிக் கண் வைத்தியர்கள் பலமுறை எழுதியுள்ளனர்.

ஆகையால், திருகாணியைத் தொடுவது பரிசோதனையின் கடைசிப் படியாதல் வேண்டும். தொட்டபின் வேகமானியின் முன்னே சுட்டு அளந்து பார்க்காமல் மைதானத்தில் இறங்கலாகாது. காலையில் அளந்தது போதும் என்றிராது, வெப்பநிலை மாறியபின் மீண்டும் அளத்தல் வேண்டும். அன்றியும், வில்லை அளவுக்குமேல் இறுக்கினால், அதனை மீண்டும் நெருக்கிப் பின்னே செல்லும் வலிமை வாயுவுக்கு இல்லாது போய், தீர்க்க வந்த நோயே மீண்டும் தலைகாட்டுவதும் உண்டு.

பரிசோதிப்பவர் மறக்கலாகாத விதி இன்னும் ஒன்று. ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக. வளையத்தையும் வில்லையும் எண்ணெயையும் ஒருங்கே மாற்றி மார்க்கர் இயங்கத் தொடங்கினால், இயங்கியது எதனால் என்பது நமக்குத் தெரியாது. மறுமுறை பழுதுறும்போது அறிவு பழைய இடத்திலேயே நிற்கும். ஒன்றை மாற்றி, சுட்டுப் பார்த்து, விளைவை ஒரு தாளிற் குறித்துக்கொண்டு அடுத்ததற்குச் செல்பவருக்கோ, ஒவ்வொரு பழுதும் ஒரு பாடமாகின்றது. வகுப்பிலே கணக்குப் பிழைத்த மாணவனிடம் விடையை அழித்து வேறு விடை எழுதச் சொல்வதில்லை. எந்த வரியிற் பிழைத்தது என்று தேடச் சொல்கின்றோம். இயந்திரத்தினிடத்தும் நாம் கையாளவேண்டிய நெறி அதுவே.

கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். முதலிற் கவசமும் உறையும். பின்னர் குண்டையும் வாயுவையும் அகற்றல். வாயு இன்றிக் கையால் இழுத்துப் பார்த்து, குறை எந்தப் பக்கம் என்று பிரித்தல். வாயுவின் பக்கமெனில் சிலிண்டரின் நிறை, குளிர், கசிவு, சுத்தியலின் வளையம் என்ற ஒழுங்கு. பொறியின் பக்கமெனில் அழுக்கு, குண்டு இறங்கும் வழி, கொளுக்கி, வில் என்ற ஒழுங்கு. எல்லாவற்றுக்கும் பின்னரே திருகாணி. திருகாணிக்குப் பின் வேகமானி. இவ்வொழுங்கைப் பின்பற்றுபவரின் மார்க்கர் செவ்வனே இயங்கும். அவருக்கு எதிரே ஆடுபவரும் அஞ்சாது ஆடலாம்.